சாதி என்கிற கட்டம்

சில மாதங்களுக்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் இளம் வக்கீல்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினோம். முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு எப்படி வழக்கு நடத்துவது என்பது பொருள். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நம் பிள்ளைகள், சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டு போட்டவர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்சிக்காரரிடம் என்னென்ன கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், இங்கே வந்து இறங்கிய தேதி, பூர்வீக ஊர். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், சாதி கேக்கணுமா?"

சாக்பீஸை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அப்புறமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரியில் இதற்கென்று பாடம் கிடையாது. குடியுரிமை என்றால் அரசியல் சட்டத் தாளில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு பாகப்பிரிவினை, ஜாமீன், ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு தெரிந்தால் போதும். முகாமிலிருந்து ஒருத்தர் கேஸ் கட்டோடு வந்தால் "அது கியூ பிராஞ்ச் விவகாரம்ப்பா, நமக்கு எதுக்கு" என்று குமாஸ்தாவே திருப்பி அனுப்பிவிடுவார். நானும் பல வருஷம் அப்படி இருந்தவன்தான்.

காலையில் நண்பர் ஒருவர் எடுத்த வகுப்பு நன்றாக இருந்தது. இந்திய அரசியல் சட்டம் எங்கே 'குடிமகன்' என்கிறது, எங்கே 'நபர்' என்கிறது என்று பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். 14-ஆம் உறுப்பும் 21-ஆம் உறுப்பும் எந்த நபருக்கும் பொருந்தும். சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. 15, 16, 19 குடிமகனுக்கு மட்டும். 1987-ஆம் வருஷத்து இலவச சட்ட உதவிச் சட்டத்திலும் 'நபர்'தான். முகாமில் இருக்கிற பெண், பெண் என்பதாலேயே சட்ட உதவி கேட்கலாம். அப்போது ஒரு பையன் ஒன்றைக் கண்டுபிடித்தான். சாதி பார்த்துப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிற 15-இல் 'குடிமகன்' இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கிற 17-இல் அந்தச் சொல் இல்லை. "அப்ப தீண்டாமைக்குக் குடியுரிமை தேவையில்ல சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமா என்று பிறகு தோன்றியது.

நிரூபிக்கிற சுமை பற்றியும் பேசினோம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் வாயைத் திறக்காமல் கூண்டில் நிற்கலாம். அரசுதான் நிரூபிக்க வேண்டும். 1946-ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைத் தலைகீழாக வைத்தது. நீ அந்நியன் இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்துவிட்டது. சுமை மட்டும் இடம் மாறவில்லை. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்திலிருந்து அதே நேரத்தில் ஒரு விலக்கு தந்தார்கள். விலக்கு என்றால் விரட்ட மாட்டோம் என்று அர்த்தம். உன்னுடைய நாடு என்று அர்த்தம் இல்லை. ஹன்னா ஆரெண்ட் 1951-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார்: நாடற்றவன் ஒரு சின்னத் திருட்டு செய்தால் அவன் நிலைமை மேம்படும், குற்றவாளி ஆனதும் சட்டத்தில் அவனுக்கு ஒரு இடம் கிடைக்கிறது, வக்கீல் கிடைக்கிறார். 1997-இல் கலவரக் கேஸ்களில் உள்ளே போன நம் பையன்களுக்கு ஜாமீன் எடுக்க ஓடியவர்களுக்கு இது புரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில் இருக்கிற ஓர் அம்மாவின் வழக்கு இது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். இன்னொன்றும் வேண்டாம் என்றார், அது என்னவென்று போகப் போகத் தெரியும்.

1954-இல் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறக்கும்போதே நாடு கிடையாது. இலங்கையின் 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டிருந்தது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டுக் கிடையைப் பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகூட எந்த ஆடு என்று பார்ப்பான். இங்கே தலைக்கணக்குதான் பேசினார்கள், ஆளைக் கேட்கவில்லை. இந்த அம்மாவின் தகப்பனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார். மனுக் கொடுத்ததற்கு ஒரு சீட்டு வந்தது, வேறொன்றும் வரவில்லை. 1977 கலவரத்தில் லயத்தை விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். 1990-இல் சண்டை மறுபடி மூண்டபோது படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு. பிறகு இந்த மாவட்டம்.

மண்டபம் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நோய்க்காகத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்ப வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய முகாம் அது. இந்த அம்மாவின் தகப்பனாரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் 1930-களில் அங்கே இருந்துதான் கப்பல் ஏறினார்கள். அதே முகாமில் அறுபது வருஷம் கழித்துப் பேத்தி வந்து இறங்கினார். போகும்போது கூலி, வரும்போது அகதி. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான்.

அவர்கள் கப்பல் ஏறியது ஏன் என்று நம் பத்திரிகையில் விளக்கத் தேவையில்லை. பஞ்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது, கங்காணி பின்னால் போனவர்களில் பெரும்பான்மை யார்? 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஆட்களை வைத்தியநாத அய்யர் அழைத்துப் போனார். ஆகஸ்ட் 1-இல் இலங்கைக்குக் கூலிகள் போவதை இந்திய அரசு தடை செய்தது. ஒரு கதவு திறந்த அடுத்த மாதமே இன்னொரு கதவு மூடியது. இரண்டு கதவுக்கும் வெளியே நின்றவர்கள் ஒரே ஆட்கள்.

குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, தானோ தன் பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால் ஒருவர் இந்திய வம்சாவளி. அரசியல் சட்டத்தின் 8-ஆம் உறுப்பு தாத்தா பாட்டி வரைக்கும் போகிறது. 5-ஆம் பிரிவு பெற்றோரோடு நின்றுவிடுகிறது. வம்சாவளியாக இருந்தும், சட்டவிரோதமாக வந்தவர் என்று ஒரு முட்டுக்கட்டை போடுவார்கள். 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், திருச்சி முகாம்களில் இருந்த மலையகத் தமிழர் 65 பேர் போட்ட வழக்கில், இவர்களை அப்படிப் பார்க்கக்கூடாது, மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே வருஷக் கடைசியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணை, 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் பிறப்பாலேயே இந்தியர் என்று அதே நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். இப்படி ஒன்றிரண்டு வெளிச்சம்தான். அதை நம்பித்தான் நானும் இறங்கினேன்.

ஆக, அம்மாவின் தகப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் பிறந்தார் என்று காட்டியாக வேண்டும். கையில் இருந்தது அந்த ஒரு சீட்டு. அதில் தகப்பனார் பெயர், தாத்தா பெயர், கிராமம், தாலுகா, ராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தது. கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தேடினோம். எட்டு மாதம் அலைந்தோம். கரையான் தின்றது போக 1931-ஆம் வருஷத்துப் பக்கங்கள் இருந்தன. திறந்து பார்த்தால், குழந்தைக்குப் பெயர் இல்லை. பிறந்த சில நாளில் எழுதியது, பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, சாதி. அந்த வருஷம் அந்த ஊரில் அதே பெயருள்ள தகப்பன்கள் மூன்று பேருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. மூன்று வரியையும் பிரித்துக் காட்டியது ஒரே ஒரு கட்டம். சாதி என்கிற கட்டம்.

நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வக்கீல் மூளைக்கு அது ஆதாரம், அவ்வளவுதான். நகலை வாங்கிக்கொண்டு நேரே முகாமுக்குப் போனேன். அம்மா வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை. "அம்மா, கெடச்சிருச்சு" என்று சொல்லி அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். சாதிப் பெயரோடு வாசித்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண், யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பம், வேறு எங்கோ பார்த்தார். அவருடைய மகனுக்கும் அம்மாவின் பேத்திக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. 'தோட்டக்காட்டார்' என்ற பேச்சைத் தாண்டி வரவே அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் வாசித்ததைத் தாண்ட முடியவில்லை. பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

முப்பது வருஷமாக மேடையில் நின்று 'நான் பறையன்' என்று சொல்லிப் பழகியவன் நான். தொண்ணூறுகளில் நாமெல்லாம் எதைக் கற்றோம்? மறைக்காதே, சொல், தலை நிமிர்ந்து சொல் என்று கற்றோம். இந்த மாவட்டத்திலேயே அப்போது ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கு, நம்மவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஊரைக் கொளுத்தினார்கள். 1997-இல் அரசு எல்லாக் கழகத்திலிருந்தும் எல்லா மாவட்டத்திலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு பெயரைச் சொல்வதற்கு என்ன விலை என்று பார்த்தவர்கள் நாம். அதனால் அம்மா எழுந்து உள்ளே போனதை வெட்கம் என்றே முதலில் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது, அதைப் போக்குகிற மாதிரி ஏதோ பேச ஆரம்பித்தேன். நம் சாதியில் பிறந்ததற்கு நாம் ஏன் கூசணும் என்பது போல.

அவர் குறுக்கே பேசினார். "வெக்கமில்ல தம்பி. லயத்துல இருந்தப்ப யாரு யாருன்னு எல்லாருக்கும் தெரியும், ஒளிக்க முடியுமா. வவுனியாவுல பாதிப் பேருக்குத் தெரியாது. இங்க வந்து எறங்குனப்ப பேரு கேட்டாங்க, எத்தனை தலைன்னு கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. கடல்ல போனது நெறைய. சட்டி பானை, போட்டோ, எங்கம்மா தோடு. எல்லாத்தையும் நெனச்சுத் தேடியிருக்கேன். அது ஒண்ண மட்டும் நான் தேடல. நீங்கதான் தேடிக் கொண்டாந்து குடுத்தீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. பேத்தி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பையன் வந்திருக்கலாம், வரல. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்குள்ளே ஒரு வழக்கு ஓடுகிறது. ஒரு பக்கம்: நாம் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதானே படித்தோம், வேலைக்குப் போனோம்? அரசு முன்னால் சாதியைச் சொல்லி உரிமை வாங்குவது நமக்குப் புதிதா? அம்மா மட்டும் ஏன் சொல்லக்கூடாது? மறுபக்கம்: அங்கே நாம் கேட்பது கடன் பாக்கி. இத்தனை தலைமுறை பறித்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறோம். சாதி அந்தக் கடனுக்குக் கணக்கு. இங்கே அம்மா கடன் கேட்கவில்லை. இந்த மண்ணோடு எனக்குச் சம்பந்தம் உண்டு என்கிறார். அதற்கு இந்த மண் வைத்திருக்கிற ஒரே அத்தாட்சி, அவர் தாத்தாவை ஊருக்கு வெளியே நிறுத்திய அந்த ஒரு சொல். குழந்தைக்குப் பெயர் எழுதாத பதிவேடு சாதியை மறக்காமல் எழுதியிருக்கிறது. விரட்டிய குறியைக் காட்டினால் உள்ளே விடுவேன் என்பது என்ன நியாயம்? இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லிசு என்பது எனக்குத் தெரியும். சில நாள் அந்தக் கோடு எனக்கே தெரிவதில்லை.

ராஜபாளையம் நாய்க்கு வம்சாவளிச் சான்றிதழ் வாங்கலாம், தெரியுமா? 2005-இல் தபால் தலையே போட்டார்கள். அந்த நாயிடம் யாரும் பாட்டன் எந்தத் தெருவில் இருந்தான் என்று கேட்டுக் குடைந்ததில்லை.

1931 ஆகஸ்டில் காந்தியிடம் அம்பேத்கர் தனக்குத் தாய்நாடு இல்லை என்றார். இந்த நாட்டிலேயே பிறந்து தங்க இடம் கிடைக்காமல் அலைந்ததைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளுக்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அந்தத் தலைப்பை நான் பல காலம் ஓர் உவமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தகப்பனார் பிறந்ததும் 1931-தான். அவருக்கு அது உவமை இல்லை.

இன்னொன்று. 1964-இல் பங்கு பிரித்தபோது இவர்களை 'இந்திய வம்சாவளியினர்' என்று எழுதியது இரண்டு அரசுகளும்தான். ஒன்பதே முக்கால் லட்சம் பேரை மொத்தமாக எண்ணும்போது எந்த ஆதாரமும் கேட்கவில்லை, வம்சாவளி என்று அவர்களே சொன்னார்கள். ஒரு கிழவி தனியாக வந்து நான் அந்தக் கணக்கில் ஒருத்தி என்றால் நிரூபி என்கிறார்கள். இதைத்தான் நீதிமன்றத்தில் வாதமாக வைக்க வேண்டும், சுமையை அரசு பக்கம் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டார்கள்; தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக அலைகிறவர்கள் அதில் எத்தனையோ பேர். ஆனால் நீதிமன்றம் என் வாதத்தை ஏற்கிற வரைக்கும் அம்மாவைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. என் கொள்கைக்காக அவர் நாடில்லாமல் சாக வேண்டுமா? அப்படிப் பார்த்தால் பதிவேட்டு நகலை இணைத்தே ஆக வேண்டும்.

பின்வரிசையில் எழுந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கேட்காதே, ஆதாரம் அதைக் கேட்கிற இடம் வருகிற வரைக்கும் கேட்காதே. வந்தால் முதலில் எதற்காகக் கேட்கிறாய் என்று சொல். தனியாக வைத்துக் கேள். அவர் சொன்னதை எந்தக் காகிதத்தில் எழுதப்போகிறாய், அதை யார் யார் படிப்பார்கள் என்று சொல். அவர் வேண்டாம் என்றால் அது அறியாமை என்று நினைக்காதே. நான் படித்த எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இல்லை. நமக்கே தெரிந்திருக்க வேண்டியது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திச் சாதி கேட்டபோது அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாதா? அந்த வாத்தியார் செய்ததைக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் செய்திருக்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தை என் ஆபீசில் வைத்து எழுதினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு வரும் எந்தச் சர்க்கார் காகிதத்திலும் கோபுர முத்திரை இருக்கும். அது எங்கள் ஊர் ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று ஊரில் சொல்வார்கள். பதிவேட்டு நகலிலும் அது இருந்தது. ஏழாவது பாராவில் 'என் பாட்டனார் இன்ன சாதியைச் சேர்ந்தவர் என்றும்' என்று நான் டைப் அடித்து வைத்திருந்தேன். அம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவர். எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். ஏழாவது பாராவில் விரலை வைத்தார்.

"இத நான் சொல்றதா எழுதியிருக்கு."

"ஆமாம்மா."

"நான் சொல்லல. அவங்க எழுதி வச்சாங்க. அவங்க எழுதுனத அப்படியே ஒட்டிக் குடுங்க. என் வாயில வைக்காதீங்க."

வரியை அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: '1931-ஆம் வருடப் பதிவேட்டில் அப்போதைய கிராம அதிகாரி எழுதியுள்ள பதிவின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' அதிகாரி என்ன எழுதினார் என்பது பத்திரத்தில் இல்லை, இந்தக் கட்டுரையிலும் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் நகலைப் பார்த்துக்கொள்ளட்டும். சட்டப்படி இது பலவீனமான வரி என்று பாரில் ஒரு சீனியர் சொன்னார். இருக்கலாம்.

அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். மனு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து மேலே போக வேண்டும், நிலுவையில் இருக்கிறது. மறுநாள் முகாமில் கணக்கெடுப்பு. பணக்கொடைப் பதிவுக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும் என்பதால், ராத்திரிக்குள் முகாமுக்குப் போய்விடணும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.